காடு மூடிய குடியிருப்புகள்: மலைநாட்டுப் பழம்பொருள் தேடலும் வரலாறும்

ஒரு நாட்டின் வரலாற்றை அறிதற்கு இலக்கியம், கல்வெட்டு, நாணயம், கட்டட அழிபாடு என்பன சான்றுகளாக அமைகின்றன. இவற்றுள் எழுத்துச் சான்றுகள் பெரும்பாலும் ஆண்டோரையும் செல்வரையும் பற்றியனவே. எழுத்தறியாப் பொதுமக்களின் வாழ்வை அறிய விழையுமிடத்து, அவர்கள் வாழ்ந்த மண்ணையும் அம்மண்ணிற் கிடக்கும் சிறு பொருள்களையுமே நாட வேண்டியுள்ளது. உடைந்த சட்டியும் தேய்ந்த அம்மியும் அரசன் பெயரைக் கூறமாட்டா. ஆயினும் அவ்விடத்தில் ஒரு குடும்பம் அடுப்பு மூட்டி உண்டு உறங்கியதென்பதை ஐயத்திற்கு இடமின்றி உணர்த்தும்.

இலங்கையிற் காடு மூடிய பழங்குடியிருப்புகள் என்றவுடன் அநுராதபுரமும் பொலன்னறுவையுமே நினைவுக்கு வருதல் இயல்பு. 1890ஆம் ஆண்டில் தொல்பொருள் ஆய்வுப் பகுதி நிறுவப்பட்டு, எச். சி. பி. பெல் அதன் தலைவராகக் கடமையேற்ற நாள்தொட்டு அந்நகரங்கள் முறைப்படி ஆராயப்பட்டு வந்துள்ளன. ஆயின், காடு மூடிய குடியிருப்புகள் வடமத்திய சமவெளிக்கு மட்டும் உரியன அல்ல. நுவரெலியா, அட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவை, இறம்பொடை ஆகிய பகுதிகளை உள்ளடக்கிய மத்திய மலைநாட்டிலும், தேயிலை மலைகளின் விளிம்பிலுள்ள காடுகளிலும், அவற்றை அடுத்த புல்வெளிகளிலும் கைவிடப்பட்ட பங்களாக்களும் கோப்பி ஸ்டோர்களும் லயங்களும் மறைந்து கிடக்கின்றன. இவை இரண்டு நூற்றாண்டுகளுக்கு உட்பட்டவை. எனினும் இவற்றை நாடிச் செல்வோர் தொகை சிறிதன்று. நாணயம் சேர்ப்போர், பழைய கண்ணாடிப் போத்தல் சேர்ப்போர், தம் முன்னோர் கல்லறையைத் தேடிக் கடல் கடந்து வரும் ஆங்கிலேயர், புதையல் உண்டெனும் ஆசையால் இரவிலே தோண்டுவோர் எனப் பலதிறத்தார் இக்காடுகளுள் நுழைகின்றனர். இவர்கள் எதனைத் தேடுகின்றனர், எதனைக் காணாது விடுகின்றனர், அதனால் வரலாறு இழப்பது யாது என்பன ஆராயத்தக்கன.

காடு தோட்டமானதும் தோட்டம் காடானதும்

மலைநாட்டிற் பெருந்தோட்டப் பயிர்ச்செய்கையின் தொடக்கம் 1823ஆம் ஆண்டென்று கொள்வது மரபு. அவ்வாண்டில் ஜோர்ஜ் பேர்ட் என்பார் கம்பளைக்கு அண்மையிலுள்ள சிங்ஹபிட்டியிற் கோப்பித் தோட்டம் அமைத்தார். 1824 தொடக்கம் 1831 வரை தேசாதிபதியாக இருந்த சேர் எட்வேட் பாண்ஸ் கண்டி வீதியை அமைத்ததோடு, தாமும் கன்னொறுவையிற் கோப்பி பயிரிட்டு ஏனையோரை ஊக்கினார். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரிமைச் சான்று காட்டப்படாத காட்டு நிலங்களை முடிக்குரியனவாகக் கொள்ள வழிசெய்தது. அந்நிலங்கள் விலைப்பட்டன, காடுகள் வெட்டி எரிக்கப்பட்டன. வெட்டியோரும் எரித்தோரும் கன்று நட்டோரும் பழம் பறித்தோரும் பெரும்பாலும் திருச்சிராப்பள்ளி, மதுரை, தஞ்சாவூர், இராமநாதபுரம், புதுக்கோட்டை முதலிய பகுதிகளிலிருந்து கங்காணிமாரின் பின்னே வந்த தமிழ்த் தொழிலாளரே. தலைமன்னாரிற் கரையேறி மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு அவர்கள் நடந்தே வந்தனர். வழியிற் காய்ச்சலாலும் பேதியாலும் மாண்டவர் எண்ணிலர்.

இவ்வாறு எழுந்த கோப்பி ஆட்சி நெடுங்காலம் நிலைக்கவில்லை. 1847ஆம் ஆண்டை ஒட்டி எழுந்த விலை வீழ்ச்சியால் தோட்டங்கள் பல கைமாறின; சில முற்றாகக் கைவிடப்பட்டன. அதன்பின் தலைநிமிர்ந்த கோப்பியை 1869இல் இலைத்துரு நோய் பற்றியது. ஹெமிலியா வஸ்டட்ரிக்ஸ் என அறிஞர் பெயரிட்ட அப்பூசணம் முதன்முதல் மடுல்சீமைப் பகுதியிற் காணப்பட்டது. சில ஆண்டுகளுக்குள் மலைநாடெங்கும் பரவிற்று. கேடு வருவதை உணராது தோட்டத்துரைமார் மேலும் மேலும் காடு வெட்டியமையால், 1870களின் இறுதியிற் கோப்பி நிலம் சுமார் 275,000 ஏக்கராகப் பெருகியிருந்தது. 1880இல் வந்து ஈராண்டு ஆராய்ந்த மார்ஷல் வார்ட் நோயின் இயல்பைத் தெளிவாக விளக்கினார். எனினும் அதனைத் தீர்க்கும் வழி காண இயலவில்லை. 1884இல் ஓரியன்டல் வங்கி முறிந்தது. கடன் பட்டிருந்த துரைமார் பலர் தோட்டத்தையும் பங்களாவையும் விட்டு நீங்கினர். இடைக்காலத்திற் கைகொடுத்த சிங்கோனாவும் விளைச்சல் மிகுதியால் விலை இழந்தது. முடிவில் வென்றது தேயிலையே.

கோப்பி நிலம் முழுவதும் தேயிலையாக மாறியதென்று கருதுதல் பொருந்தாது. மண் தேய்ந்த சரிவுகளும் வண்டி எட்டாத உச்சிகளும் மறுபடி நடப்படாமலே விடப்பட்டன. அவற்றிற் சில மானாப்புல் மூடிய பற்றைகளாயின, சில காடாயின. மேலும், தாவரவியலறிஞர் ஜோசப் ஹூக்கரின் அறிவுரையை ஒட்டி, 1873 தொடக்கம் 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளை விற்பதைக் குடியேற்ற அரசு தவிர்த்தது. இதனாலேயே மலைநாட்டிற் பல இடங்களிலே கீழே தேயிலையும் மேலே காடுமாக இரு நிறத்து எல்லையொன்று தோன்றுகின்றது. அவ்வெல்லையை ஒட்டிய காடுகளில், பெருமரங்களின் நிழலிலே, யாரும் நடாத கோப்பிச் செடிகள் தாமாகவே முளைத்துப் பழுத்து நிற்பதைக் காணலாம். பழந்தோட்டம் ஒன்றன் எல்லைக்குள் நுழைந்தோம் என்பதற்கு அச்செடிகளே முதற் குறியாகும்.

கல்லிற் கட்டியதும் மண்ணிற் கட்டியதும்

நிலத்திலுள்ள குறிகளைக் கொண்டு மறைந்த குடியிருப்பை அறியும் முயற்சி மலைநாட்டிற்குப் புதியதன்று. 1848இல் நுவரெலியாவிற் குடியேற்றம் நிறுவ வந்த சாமுவேல் பேக்கர், 1855இல் வெளியான தமது நூலிலே, அச்சமவெளியிற் கண்ட பழைய இரத்தினக் குழிகளையும் கால்வாயின் சுவட்டையும் குறிப்பிட்டு, ஆங்கிலேயர் வருமுன்னரே அங்கு மக்கள் உழைத்தனர் என்று உய்த்துணர்ந்துள்ளார். ஆளில்லாக் காடென்று கருதப்பட்ட இடத்திலே மனிதர் கைபட்ட குழியொன்றைக் கண்டு வரலாற்றை ஊகித்தமை பாராட்டத்தக்கது.

ஆனால், அவருக்குப் பின்வந்த தேடலெல்லாம் பெரும்பாலும் ஒரு பக்கமே சாய்ந்தது. அதற்கு எடுத்துக்காட்டாக லூல்கந்துரைத் தோட்டத்தைக் கொள்ளலாம். ஸ்கொத்லாந்திற் பிறந்து, 1852இல் இளைஞராக இலங்கை வந்த ஜேம்ஸ் டெயிலர், ஹேவாஹெட்டைப் பகுதியிலுள்ள இத்தோட்டத்திலேயே 1867இல் 19 ஏக்கரிற் தேயிலையை வணிகப் பயிராக நட்டார். அவர் குடியிருந்த மரக்குடில் அழிந்துவிட்டது. ஆயினும் அதன் கல் அடுப்பும் புகைபோக்கியும் எஞ்சியுள்ளன. அருகே அவர் பயன்படுத்திய கிணறு உண்டு. அவர் அமர்ந்து பள்ளத்தாக்கை நோக்கினார் எனப்படும் கல்லிருக்கையும் உண்டு. இவை காணத்தக்க இடங்களாகப் பேணப்படுகின்றன. 1892இல் அவர் இறந்தபோது அவர் உடலைத் தோட்டத் தொழிலாளரே மாறி மாறித் தோளிற் சுமந்து கண்டிக்குக் கொண்டு சென்றனர். மஹய்யாவை மயானத்தில் அவர் கல்லறை இன்றும் உள்ளது. அந்த 19 ஏக்கரைத் திருத்தி நட்டவர்கள் எங்கே தங்கினர் என்பதைக் காட்டும் கல்லொன்று அங்கு இல்லை.

இதற்குக் காரணம் தேடுவோரின் மனப்பாங்கு மட்டுமன்று. கட்டடப் பொருளின் தன்மையுமாகும். பங்களா கருங்கல் அடித்தளத்தின்மேல் எழுந்தது. அதன் அடுப்பும் படிக்கட்டும் கல்லால் ஆனவை. கோப்பிக்கால லயமோ வரிச்சு கட்டி மண் பூசிய சுவரும் மானாப்புற் கூரையும் உடையது. பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவினதான காம்பராக்கள் ஒன்றோடொன்று ஒட்டிய நிரையே லயமாகும். கைவிடப்பட்ட பங்களாவின் அடித்தளம் நூறாண்டு நிலைத்து நிற்கும். கைவிடப்பட்ட மண் லயம் சில மழைக்காலங்களுள் கரைந்து நிலத்தோடு நிலமாகும். மேலும், கோப்பிப் பழம் பறிக்கும் பருவத்திற்கு வந்து, பருவம் முடிந்ததும் ஊர் திரும்பிய தொழிலாளர் பலர். அவர்கள் கொண்டுவந்ததும் சிறிது, விட்டுச் சென்றதும் சிறிது. ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க வேண்டிய தேயிலை வந்த பின்னரே குடும்பங்கள் நிலையாக ஊன்றின. லயங்களும் கல்லாலும் தகரத்தாலும் கட்டப்பட்டன. ஆகவே, மலையகத் தமிழரின் முதல் அரை நூற்றாண்டே சான்று மிகக் குறைந்த காலமாகவுள்ளது.

இறந்தோர் நிலையும் இத்தன்மையதே. பொகவந்தலாவை புனித மரியாள் தேவாலயத்தில், 1879இல் இறந்த புகழ்பெற்ற ஒளிப்படக் கலைஞர் ஜூலியா மாகரெட் கமெரனின் கல்லறை பெயர் பொறித்து நிற்கின்றது. டிக்கோயா வார்லி தேவாலய மயானத்திலே துரைமார் பலரின் கல்லறைகள் உள்ளன. 1913இல் ஜே. பி. லூயிஸ் இலங்கையிலுள்ள கல்லறைச் சாசனங்களைத் தொகுத்து நூலாக வெளியிட்டபோது, கல்லில்லாது மறைந்தோருக்கும் அந்நூலில் இடம் அளித்தார். அரியதோர் எண்ணம் அது. எனினும் அப்பட்டியலிலும் பெரும்பான்மையோர் ஐரோப்பியரே. போரில் வீழ்ந்தோருக்குப் பெயரும் பீடும் எழுதி நடுகல் நாட்டியவர் தமிழ் மக்கள். அம்மரபில் வந்தோர், இருளடர்ந்த மலையிலே காடழித்து வீழ்ந்த தம்மவருக்கு ஒரு கல்லும் நாட்ட இயலாத நிலையில் இருந்தனர். உயிருள்ளோருக்கே ஓய்வில்லாத இடத்தில் இறந்தோருக்குக் கல் செதுக்குவார் யார்?

லயத்தடியை அறியும் வகை

மண்ணோடு கரைந்த லயம் முற்றாக மறைந்துவிட்டதென்று முடிவுசெய்தலும் பிழையாகும். பொறுமையோடு நோக்குவோருக்கு நிலம் பல குறிகளைக் காட்டும். அவை பொன்னும் மணியும் அல்லவாதலின் புதையல் தேடுவோர் கண்ணிற் படுவதில்லை.

முதலாவது, நிலத்தின் அமைப்பு. சரிவான மலையிலே நீண்டு ஒடுங்கிய சமதரையொன்று காணப்படின், அது லயம் நின்ற தரையாதல் கூடும். அதன் கீழ்ப்புறத்து வடிகாலும், நீரோடையை நோக்கிச் செல்லும் ஒற்றையடிப் பாதையும் அக்கருத்தை வலியுறுத்தும். பங்களா பெரும்பாலும் காட்சி விரிந்த மேட்டிலும், லயம் பள்ளத்தை ஒட்டியும் அமைந்தமையை மனங்கொள்ளின் இரண்டையும் பிரித்தறிதல் எளிது. இரண்டாவது, மரங்கள். பங்களாவைச் சூழ்ந்து சைப்பிரசும் யூக்கலிப்டசும் அயல்நாட்டுப் பூமரங்களும் நிற்கும். லயத்தடியிலே வாழையும் பூசணியும் காட்டோடு காடாகக் கலந்து முளைத்திருக்கும். தாழ்ந்த மலைகளிலே கறிவேப்பிலையும் முருங்கையும் எஞ்சியிருக்கும்.

மூன்றாவது, தெய்வங்கள். இதுவே எல்லாவற்றினும் உறுதியான சான்று எனலாம். தொழிலாளர் சென்ற இடமெல்லாம் மரத்தடியிற் கல்லொன்றை நிறுத்திச் சூலம் நட்டு மாரியம்மனையும் முனியாண்டியையும் வழிபட்டனர். ஆலைச் சக்கரத்தருகே ரோதைமுனியை வைத்தனர். கவ்வாத்து வெட்டும் மலையிலே கவ்வாத்துச் சாமியை வணங்கினர். இவற்றுட் பிந்திய இரண்டும் ஊரிலிருந்து கொண்டுவந்த தெய்வங்கள் அல்ல. தோட்டத்துத் தொழிலிலிருந்தே பிறந்தவை. ஆலை அழிந்து இரும்பு விலைப்பட்ட பின்னரும், ரோதைமுனியின் கல் எழுந்து செல்வதில்லை. சூலம் நட்ட கல்லொன்று தனியே காட்டிற் காணப்படின், அதனருகே மனிதர் கூடி உழைத்த இடம் ஒன்று இருந்ததென்பது தெளிவு. காமன் கூத்து நிகழ்ந்த பொட்டலும் இவ்வாறே ஒரு சான்றாகும்.

நான்காவது, சிறு பொருள்கள். இவை காலத்தைக் கணிக்க உதவுவன. இலங்கையிற் சத நாணய முறை 1872இல் நடைமுறைக்கு வந்தது. தாலிப்பனை பொறித்த விக்டோரியா காலச் செப்புச் சதம் கிடைக்கும் இடம் பெரும்பாலும் அக்காலத்திலோ அதற்குப் பின்னரோ மக்கள் நடமாடிய இடமாதல் வேண்டும். வாயிற் கோலி அடைத்த சோடாப் போத்தலை ஹிராம் கொட் என்பார் 1870களின் தொடக்கத்திலேயே உருவாக்கினார். ஆதலின் அதன் உடைந்த துண்டு கோப்பியின் முற்காலத்திற்கு உரியதாகாது. மங்களூர் ஓட்டுத் துண்டில் ஆலையின் முத்திரை இருக்கும். இவற்றையெல்லாம்விடப் பெறுமதி மிக்கது தகர வில்லை. 1901 தொடக்கம் இந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர் கழுத்தில், தோட்டத்தின் பதிவெண்ணும் தொழிலாளியின் எண்ணும் பொறித்த தகர வில்லையொன்று கோத்துக் கட்டப்பட்டது. வழிச்செலவை எத்தோட்டத்தின் கணக்கில் எழுதுவது என்பதை அதிகாரிகள் அதனைப் பார்த்தே அறிந்தனர். மனிதனைப் பொதிபோல் எண்ணிட்டு அனுப்பிய அவ்வில்லை, இன்று அம்மனிதன் வந்து சேர்ந்தமைக்குச் சான்றாகின்றமை வரலாற்றின் விந்தையாகும்.

சான்றின்மையால் வந்த கேடு

இத்தகைய அற்பப் பொருள்களைப் பற்றி இவ்வளவு விரித்துரைத்தல் வேண்டுமோ என்று சிலர் வினவக்கூடும். சான்று இல்லாமை ஒரு மக்கட் கூட்டத்தை எவ்வளவு தூரம் வருத்தியது என்பதை நினைப்பின் அவ்வினா எழாது.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழரிற் பெரும்பாலோர் குடியுரிமை இழந்தனர். அடுத்த ஆண்டு வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம், 1946 சனவரி முதலாம் நாளுக்கு முன்னர் மணமானோர் ஏழாண்டும் ஏனையோர் பத்தாண்டும் இடையறாது இந்நாட்டில் வாழ்ந்தமையை நிறுவுமாறு கோரியது. மூன்று தலைமுறை இம்மலையிற் பிறந்து இம்மலையிலேயே இறந்தோரின் பிள்ளைகள், தாம் இங்கு வாழ்ந்தவரென்று காட்டத் தாள் தேடி அலைந்தனர். தோட்டத்துச் செக்றோல் துரையின் அலுவலகத்தில் இருந்தது. பிறப்புச் சான்று பலருக்கு இல்லை. சுமார் 8 இலட்சத்து 25 ஆயிரம் பேர் சார்பாக விண்ணப்பம் செய்யப்பட்டது. பதிவு பெற்றோர் சுமார் 1 இலட்சத்து 34 ஆயிரம் பேரே. 1964 ஒக்டோபரிற் கைச்சாத்தான சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கு அனுப்பவும், 3 இலட்சம் பேரை இலங்கைப் பிரசைகளாக ஏற்கவும் வகுத்தது. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேர் பற்றிய முடிவு 1974ஆம் ஆண்டு வரை பிற்போடப்பட்டது. நாடற்ற நிலை 2003ஆம் ஆண்டின் சட்டத்தோடுதான் ஒருவாறு முடிவுக்கு வந்தது.

இடம்பெயர்ந்தோர் விட்டுச் சென்ற காம்பராக்கள் பின்னர் எழுந்த மறைவிடங்களாயின. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களும், 1977, 1983ஆம் ஆண்டுகளின் வன்செயல்களும் மேலும் பலரை வெளியேறச் செய்தன. பராமரிப்பின்றி விடப்பட்ட தேயிலை மரமாக ஓங்கி வளர்ந்து காடாகும் தன்மையது. இவ்வாறு கோப்பிக் காலக் காட்டின்மேல் தேயிலைக் காலக் காடொன்றும் தோன்றியுள்ளது. அதனுள் நிற்கும் லயங்களின் சுவரிலே அம்மி நின்ற தடமும் சாமி படம் மாட்டிய ஆணியும் காணப்படும். வதிவை நிறுவும் சான்று வேண்டுமென்று சட்டம் கேட்டபோது, அச்சான்று காட்டிலே மௌனமாகக் கிடந்தது. அதனைச் சான்றாகக் கொள்ள எவரும் முன்வரவில்லை.

சட்டம் வரைந்த எல்லை

பழம்பொருள்களைக் காத்தற்கென 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டம் உள்ளது. அனுமதியின்றித் தொல்பொருள் நாடித் தோண்டுதல் அதன்படி குற்றமாகும். ஆனால் தொல்பொருள் என்பதற்கு அச்சட்டம் வகுத்த கால எல்லை ஈண்டு நோக்கற்பாலது. 1815 மார்ச் 2ஆம் நாளுக்கு முற்பட்டதே தொல்பொருள் எனப்பட்டது. அது கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான நாள். கண்டி அரசின் முடிவை எல்லையாகக் கொண்டமை ஒரு வகையிற் பொருத்தமே. ஆயின் முதற் கோப்பித் தோட்டம் அமைந்தது அந்நாளின் பின் எட்டு ஆண்டுகள் கழித்து. ஆகவே, மலையகத் தமிழரின் வரலாறு முழுவதும் அவ்வெல்லைக்கு அப்பாலேயே நிகழ்ந்ததாகின்றது. அநுராதபுரத்து ஓட்டுத் துண்டு இயல்பாகவே சட்டத்தின் காப்பைப் பெறும். இறம்பொடை மலையிற் கிடைக்கும் தகர வில்லை பெறாது. நூறாண்டு கடந்த கட்டடங்களை வர்த்தமானி அறிவித்தல் மூலம் பாதுகாக்கப் பின்னர் வழி வகுக்கப்பட்டதாயினும், அதற்கு ஒரு கட்டடம் நிற்க வேண்டும். அதனை எடுத்துரைக்க ஒருவர் வேண்டும். கரைந்த லயத்திற்கு இரண்டும் இல்லை.

காப்பில்லாப் பொருளை எடுப்பவன் தனக்கே உரியதாகக் கருதுகின்றான். கருவி கொண்டு உலோகம் தேடுவோன் செப்பு நாணயத்தை எடுத்துக்கொண்டு, சட்டித் துண்டை எறிந்துவிடுகின்றான். போத்தல் சேர்ப்போன் குப்பைக் குழியைக் கலைத்து முழுப் போத்தலை மட்டும் கொண்டு செல்கின்றான். புதையல் தேடுவோனோ, சூலம் நட்ட கல்லின் அடியிலேயே பொன் இருக்குமென்று நம்பி, முனியாண்டியின் கல்லையே பெயர்த்துவிடுகின்றான். ஏழைத் தொழிலாளி தெய்வத்தின் அடியிற் புதைத்தது வேண்டுதலே அன்றிப் பொன்னன்று. கல் பெயர்ந்தவுடன் அங்கு ஓர் ஊர் இருந்ததென்பதற்கான இறுதிச் சான்றும் அழிகின்றது.

பொருள் ஒன்றன் வரலாற்றுப் பெறுமதி அதன் உலோகத்தில் மட்டும் இல்லை; அது கிடந்த இடத்திலும், அதனோடு கிடந்த ஏனைய பொருள்களிலும் உள்ளது. கொழும்பிற் கண்ணாடிப் பேழையுள் இருக்கும் தகர வில்லை இவ்வாறான வில்லைகள் இருந்தன என்பதை மட்டுமே கூறும். அதே வில்லை காட்டுள் உள்ள ஒரு சமதரையில், அடுப்புக் கல்லின் அருகே காணப்பட்டதென்ற குறிப்போடு இருக்குமாயின், ஒரு தோட்டத்தின் ஒரு லயத்திற்கு ஒரு குடும்பம் வந்து சேர்ந்த கதையையே கூறும். இடத்தினின்றும் பிரித்தெடுத்த பொருள், சொற்றொடரினின்றும் பிரித்தெடுத்த எழுத்தை ஒக்கும்.

நீரும் நினைவும்

காடு மட்டுமன்றி நீரும் குடியிருப்புகளை மூடியதுண்டு. 1969இல் நிறைவெய்திய மவுசாகலை நீர்த்தேக்கத்தின் அடியிலே பழைய மஸ்கெலியா நகரம் மூழ்கியது. கடுங்கோடையில் நீர் வற்றும்போதெல்லாம் அந்நகரத்தின் இந்துக் கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் இருந்த இடங்கள் வெளித்தோன்றுகின்றன. அப்போது மக்கள் திரண்டு சென்று காண்கின்றனர். முதியோர் தாம் நடந்த தெருவை இளையோருக்குச் சுட்டிக்காட்டுகின்றனர். ஆங்கு எவரும் மண்வெட்டி கொண்டு செல்வதில்லை. இது இன்ன கடை, இது இன்னார் வீடு என்று கூறுவோரே மிகுதி. பழம்பொருள் தேடலின் சிறந்த முறை இதுவே எனலாம். இடம் அசையாது நிற்க, நினைவு அதன்மேல் ஏறி உரைகூறுகின்றது. இத்தகைய நினைவுடையோர் மறைந்தபின் அவ்விடம் வெறுங் கற்குவியலாகவே எஞ்சும்.

நினைவைத் தொகுக்கும் பணி முற்றாக நடைபெறாமல் இல்லை. கோப்பி நோய் தோன்றிய அதே 1869இல் ஆபிரகாம் ஜோசப் இயற்றிய கோப்பிக் கிருஷிக் கும்மி அச்சேறியது. தோட்டத் தொழிலின் வகைகளை அறிதற்கு அது பெருந்துணையாகும். சி. வி. வேலுப்பிள்ளை லயங்களிற் பாடப்பட்ட நாட்டார் பாடல்களைத் தேடித் தொகுத்தார். மண் கரைத்த லயத்தைப் பாட்டுக் காத்தது என்று கூறின் அது மிகையன்று. அரும்பொருட் சாலைகளும் எழுந்துள்ளன. 1925இல் கட்டப்பட்ட ஹந்தானை ஆலையிலே 2001இல் இலங்கைத் தேயிலை அரும்பொருட்சாலை திறக்கப்பட்டது. டெயிலரின் நினைவுப் பொருள்களும் பழைய இயந்திரங்களும் அங்குள்ளன. 2007இற் கம்பளைக்கு அண்மையிலுள்ள ஓல்ட் பீக்கொக் தோட்டத்திலே பழைய லயமொன்று திருத்தப்பட்டுத் தேயிலைத் தொழிலாளருக்கான அரும்பொருட்சாலையாக ஆக்கப்பட்டது. முன்னையது தொழிலின் வரலாற்றைக் காட்டுவது. பின்னையது தொழிலாளியின் வரலாற்றைக் காட்டுவது. காட்சிப் பொருளை லயக் காம்பராவிலேயே வைத்தமையால், ஆங்குப் பொருளும் இடமும் பிரியாது நிற்கின்றன. 2023இல் மலையக மக்களின் இருநூறாண்டு நிறைவை முன்னிட்டுத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை பலர் நடந்து சென்றனர். முன்னோர் மாண்ட வழியை அடையாளங் காண்பதும் ஒருவகைத் தேடலே.

ஆயினும் ஓர் அரும்பொருட்சாலையும் ஒரு நடைப்பயணமும் போதியனவாகா. ஒவ்வொரு தோட்டத்திற்கும் அரசாங்கப் பதிவிலுள்ள பெயரொன்றும் தொழிலாளர் வழங்கிய தமிழ்ப் பெயரொன்றும் உண்டு. ஒவ்வொரு மலைக்கும் தனிப்பெயர் உண்டு. பழைய லயத்தடி எது, பழைய இடுகாடு எது, காமன் பொட்டல் எது என்பன முதியோர் பலருக்கு இன்றும் தெரியும். அவற்றைக் கேட்டுக் குறித்தற்குக் கருவி வேண்டியதில்லை. அனுமதிப் பத்திரமும் வேண்டியதில்லை. எழுதுகோலும் அளவுநாடாவும் நிலப்படமும் போதும். கண்ட பொருளை எடுக்காது, கண்ட இடத்தையும் அதன் அளவையும் அதனருகே இருந்தவற்றையும் நாளோடு குறித்து, அத்தோட்டத்துப் பாடசாலையிலோ கோயிலிலோ ஒரு படி வைத்தல் எளிதிற் செய்யத்தக்கது. தோண்டுதல் அறிஞர் தொழில்; குறித்தல் யாவர்க்கும் இயல்வது. கல்லூரி மாணாக்கர் விடுமுறைக் காலத்தில் தத்தம் தோட்டத்தில் இதனைச் செய்வாராயின், சில ஆண்டுகளில் மலைநாடு முழுவதற்கும் ஒரு பதிவேடு உருவாகும்.

டெயிலரின் புகைபோக்கி பேணப்படுதல் தகும். அது தேயிலை வரலாற்றின் ஓர் அங்கம். அதைச் சூழ்ந்த மலையில் அவரோடு உழைத்தோரின் அடுப்புக் கற்களும் அதே வரலாற்றின் அங்கமே. ஒன்றைக் காத்து மற்றதைக் காட்டிற்கு விடுதல் அரை வரலாற்றையே பெறுதலாகும். முன்பொருகால் ஒரு மக்கட் கூட்டத்தினர் தாம் வாழ்ந்தமைக்குச் சான்று காட்டுமாறு கேட்கப்பட்டு வாயடைத்து நின்றனர். அக்கேள்வி மறுமுறை எவ்வடிவில் எழினும் விடை கூறத்தக்க பதிவேடு ஒன்று அவர்தம் பிள்ளைகளிடம் இருத்தல் வேண்டும்.